கொழுந்தன், மூத்தார், அத்தான்: உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?

அருப்புக்கோட்டை பக்கம், வயது 56

1987-இல் நான் வாக்கப்பட்டு வந்தபோது எனக்கு 18, என் கொழுந்தனுக்கு 11. அந்த வீட்டில் யாரிடமும் எதையும் கேட்கக் கூசிக்கொண்டிருந்த முதல் மாதத்தில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவன்தான். அத்தை எந்தச் செம்பில் தண்ணீர் குடிப்பார்கள், மாமாவுக்குக் குழம்பில் எவ்வளவு உறைப்பு வேண்டும், தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாமே. ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயமாக இருந்தால் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான், கொஞ்ச தூரத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எனக்குப் பயம் தெரியக்கூடாது என்று சத்தமாக வாய்ப்பாடு ஒப்பிப்பான். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் அவன் குரலில்தான் ஞாபகம் இருக்கிறது.

அதே வீட்டில் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், இருந்தார். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நான் தலைவாசல் வழியாகப் போகமாட்டேன், பின்வாசல்தான். சாப்பாடு ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டுமென்றால் அவர் பிள்ளையைப் பார்த்து "அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லுப்பா" என்பேன். அது அவர் காதில் விழுந்து அவர் எழுந்து வந்துவிடுவார், பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டான். 9 வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், நேராக அவரிடம் நான் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். தங்கமான மனிதர். ஆனால் முறை அப்படி. கொழுந்தன் பிள்ளை மாதிரி, மூத்தார் மாமனார் மாதிரி.

என் அம்மாச்சி கதையைச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். அம்மாச்சிக்கு 22 வயதில், 1936-இல் தாத்தா இறந்துபோனார். என் அம்மா அப்போது கைக்குழந்தை. தாத்தாவும் அவர் தம்பியும் கூட்டுக்குடும்பம், நிலம் பிரிக்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி பாகம் பிரியாத சொத்தில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு உயிரோடு இருக்கும் ஆண்களுக்குப் போய்விடும், விதவைக்குச் சோறும் துணியும் இருக்க இடமும்தான். ஆக, மொத்த நிலமும் கொழுந்தன் கைக்குப் போனது. அந்தக் கொழுந்தனை அம்மாச்சிதான் வளர்த்தார்கள். ஆறு வயதில் தாயில்லாமல் நின்ற பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, சோறு ஊட்டி வளர்த்தார்கள்.

வருஷா வருஷம் களத்தில் கம்பு அளக்கும்போது அம்மாச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசியாகப் போய் நிற்பார்களாம். வண்ணாருக்கும் முடிவெட்டுகிற குடிமகனுக்கும் மரக்காலைக் கும்பாரமாக அளந்து போடுகிற கொழுந்தன், அம்மாச்சி முறை வந்ததும் உள்ளங்கையால் தலைவழித்துவிட்டுக் கொட்டுவாராம். இதை எனக்குச் சொன்னபோது அம்மாச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். சொல்லிக்கொண்டே தன் உள்ளங்கையைக் காற்றில் வழித்துக் காட்டினார்கள். ஆனால் அவரை ஒரு சொல் திட்டவில்லை, "அவன் சின்னப்பிள்ளையில நல்லவன்தான்" என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த வருஷமே, 1937-இல், விதவைக்கும் கணவன் பங்கு உண்டு (அவள் ஆயுள்வரை மட்டும்) என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னால் இறந்தவர்களின் சொத்துக்கு அது செல்லாது. விவசாய நிலத்துக்கும் செல்லாது என்று 1941-இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் 1947-இல் தனியாகச் சட்டம் போட்ட பிறகுதான் காடு கரையும் அதில் சேர்ந்தது. 1956-இல்தான் முழு உரிமை. ஒரு வருஷம் முன்னே பின்னே ஆனதால் ஒரு பொம்பளையின் ஆயுசு எப்படிப் போயிற்று பாருங்கள் என்று சொல்லக்கூட முடியாது, முன்னே பின்னே ஆகியிருந்தாலும் அவர்களுக்கு நிலத்தில் ஒன்றும் கிடைத்திருக்காது.

உங்கள் வீட்டில் எப்படி? நல்லதோ கெட்டதோ எழுதுங்கள்.

அம்பாசமுத்திரம்

நீங்கள் கொழுந்தனைச் சொன்னீர்கள், நான் அத்தானைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அக்கா மாப்பிள்ளை அத்தான், அத்தை மகனும் அத்தான், கட்டிக்கொண்ட புருஷனையும் அத்தான் என்றே கூப்பிடுவார்கள். ஒரே வார்த்தை என்பதால் எவ்வளவு சுலபமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பெண்ணைத் தள்ளிவிட முடிகிறது என்று என் அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியம்மா இரண்டாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு 17 வயது. 1968. அத்தான் வந்தால் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கி அதில் கருப்பட்டி மிட்டாய் இருக்கிறதா என்று துழாவுகிற பெண். அவருடன் தாயம் விளையாடித் தோற்றால் சண்டை போடுகிற பெண். மூன்று மாதத்தில் அந்த அத்தானுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். பச்சைக்குழந்தையை வேறு எவளிடம் கொடுப்பது என்று தாத்தா கேட்டாராம். அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால் கேட்காதது சரியாகிவிடாது.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் அம்மா அவருடன் சரியாகப் பேசவில்லை. பெரியம்மாவின் சேலைகள் அப்படியே ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன, நெட்டையாக இருந்த பெரியம்மாவின் ரவிக்கைகளை அம்மாவே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அப்பா நல்ல மனிதர், அம்மாவைக் கை ஓங்கியதே இல்லை. ஆனால் அவர் கோபத்திலும் காய்ச்சலிலும் கூப்பிட்டது பெரியம்மா பேரைத்தான். அம்மா "ம், சொல்லுங்க அத்தான்" என்று போய் நிற்பாள். நான் சின்ன வயதில் அம்மாவுக்கு இரண்டு பேர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

(ஊர் வேண்டாம்)

எனக்கு நல்ல அனுபவம் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கணவரின் தம்பி. என்னைவிட இரண்டு வயது பெரியவன். கேலி என்ற பேரில் ஆரம்பித்தது, ஜடையை இழுப்பது, அடுப்படியில் வழிமறிப்பது. மாமியாரிடம் சொன்னேன், "முறைக்காரன்தானே, விளையாட்டுக்குச் செய்வான்" என்றார். கணவரிடம் சொன்னேன், "அவன் சின்னப்பையன்" என்றார். அவனுக்கு அப்போது 27 வயது. கடைசியில் என்னை நம்பியது மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி. அவள் எதையும் கேட்கவில்லை, அன்றைக்கு ராத்திரியே தன் பாயை என் அறை வாசலில் விரித்துப் படுத்துக்கொண்டாள். தனிக்குடித்தனம் போகும் வரை நாலு மாதம் அங்கேயே படுத்தாள்.

2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கணவன் மட்டும் இல்லை, கூட இருக்கும் கணவனின் உறவுக்காரர்கள் மேலேயும் மனு கொடுக்கலாம். எனக்கு அப்போது தெரியாது. இதைப் படிக்கும் பெண்களுக்குத் தெரியட்டும்.

சிவகங்கை

அம்மாச்சி கதையைப் படித்ததும் எங்கள் ஊர் ஜமீன் வழக்குத்தான் ஞாபகம் வந்தது. வேலு நாச்சியாரை எல்லோருக்கும் தெரியும், இந்த நாச்சியார்களை யாரும் பேசுவதில்லை. 1801-இல் கம்பெனிக்காரர்கள் கௌரி வல்லபத் தேவருக்கு ஜமீனைக் கொடுத்தார்கள். அவர் 1829-இல் இறந்ததும் அவருடைய அண்ணன் மகன், அதாவது விதவைகளுக்கு மூத்தார் மகன், ஜமீனில் உட்கார்ந்துவிட்டார். ஆண் வாரிசு இல்லை, குடும்பம் ஒன்று, ஆகவே எனக்குத்தான் என்பது அவர் பக்க வாதம். விதவை அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு முடிவதற்குள் அவர் காலமே முடிந்துபோனது. கௌரி வல்லபத் தேவரின் மகள் காத்தம நாச்சியார் விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோனார், 1863-இல் தீர்ப்பு: குடும்பம் கூட்டுக்குடும்பமாகவே இருந்தாலும் அவர் தானாகச் சம்பாதித்த சொத்து விதவைக்கும் பிறகு மகளுக்கும்தான், அண்ணன் பிள்ளைகளுக்கு இல்லை. 34 வருஷம்! ஜமீன் வீட்டுப் பெண்ணுக்கே இவ்வளவு காலம் என்றால், களத்தில் கம்புக்கு நின்ற அம்மாச்சி எந்தக் கோர்ட்டுக்குப் போயிருக்க முடியும்?

ஹிசாரில் இருந்தவள், இப்போது வேலூர்

என் கணவர் ராணுவத்தில் இருந்ததால் ஹரியானாவில் மூன்று வருஷம் இருந்தோம். குவார்ட்டர்ஸுக்குப் பால் கொண்டுவந்த பெண்ணுக்கு 24, 25 வயது இருக்கும். அங்கேயும் நம் மூத்தார் கதைதான். கணவனின் அண்ணன், ஜேட் என்பார்கள், அவர் எதிரில் வந்தால் முந்தானை முகம் முழுக்க இறங்கிவிடும். கணவனின் தம்பியை 'தேவர்' என்பார்கள், அவன் முன்னால் முக்காடு தேவையில்லை, அவனுடன் சிரிக்கலாம், திட்டலாம். அந்தப் பெண்ணின் தேவர்தான் சைக்கிளில் பால்கேனைக் கட்டிக்கொண்டு கூட வருவான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனுக்கு ஸ்கூல் நோட்டு வாங்க என்னிடம் முன்பணம் கேட்டிருக்கிறாள்.

அவள் கணவன் டிராக்டர் கவிழ்ந்து இறந்தான். ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது கையில் புது வளையல். அந்தப் பையனுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். கரேவா என்று பேர், பெரிய சடங்கு எதுவும் இல்லை, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு துணியை அவள் தலையில் போர்த்தினால் கல்யாணம் முடிந்தது. நாலு ஏக்கர் நிலம் வெளியே போகக்கூடாது, அதுதான் காரணம் என்று அவளே சொன்னாள். அன்றைக்கு அந்தப் பையன் பால்கேனை இறக்கிவைத்துவிட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. அவனைப் பார்த்தும் எனக்கு அழுகை வந்தது.

ராணுவத்திலும் இதே கணக்குத்தான் ரொம்ப காலம் இருந்தது. வீர விருது வாங்கியவரின் விதவை மறுமணம் செய்தால் விருதுக்கான மாதப் படி நின்றுவிடும், இறந்தவரின் சகோதரனையே கட்டினால் மட்டும் தொடரும். 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை எடுத்தது. யாரைக் கட்டினால் பணம், யாரைக் கட்டினால் இல்லை என்று சர்க்காரே அவ்வளவு காலம் எழுதி வைத்திருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

யாழ்ப்பாணம், இப்போது கனடா

இதையெல்லாம் வாசிக்க எனக்குப் புதுமையாக இருக்கிறது, ஏனென்றால் எங்கட பக்கத்தில் கல்யாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெம்பிளை வீட்டுக்கு வருவார். சீதன வீடு அவளுடைய பேரில் இருக்கும். 1707-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதி வைத்த எங்கட வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று பிரிவு இருக்கிறது. அதனால் கணவனின் தம்பி எனக்கு வெறும் மச்சான், ஞாயிற்றுக்கிழமை வந்து கதைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போகிறவர், என்ர வீட்டில் அவருக்கு ஒரு கல்லும் சொந்தமில்லை. அதனாலேயோ என்னவோ எங்களுக்குள் கடைசிவரை ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. அதற்காக எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம், அதே தேசவழமைப்படி என்ர காணியை நான் விற்கக் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டியிருந்தது. சீதனம் கொடுக்க முடியாமல் கிடந்த பெண்களின் கதை வேற.

அருப்புக்கோட்டை பக்கம்

எல்லோருடையதையும் படித்தேன். பாய் விரித்துப் படுத்த அந்த ஓரகத்தியை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

என் கதையில் பாதியைச் சொல்லாமல் விட்டேன். 2011-இல் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை, துக்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நிலம் கூட்டுப்பட்டா, மூன்று அண்ணன் தம்பி பேரும் அதில். வாரிசுச் சான்றிதழில் அத்தை, நான், பிள்ளைகள், இவ்வளவு பேர்தான் வருவோம், கொழுந்தன் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கண்ணை மூடினால் அம்மாச்சியின் உள்ளங்கைதான் தெரிந்தது. நான் வளர்த்த பிள்ளையைப் பார்த்து நானே பயந்தேன். அது என் மனதில் இன்னும் உறுத்துகிறது.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். உட்பிரிவுக்கு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார். அண்ணனிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று, அத்தை தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தாயிற்று. சர்வேயர் வர ஏழெட்டு மாதம் இழுத்தது. அளந்த அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது, சங்கிலியின் ஒரு முனையை இவரே பிடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்தார். கல் நடுகிற இடத்துக்கு வந்ததும் நின்று, "மதினி, வேப்பமரம் உங்க பக்கம் வரணுமா, எங்க பக்கம் இருக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை, மரத்தைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினேன். கல்லை இரண்டடி தள்ளி நடச் சொன்னார்.

1 ஏக்கர் 37 சென்ட், என் பேரில் பட்டா இருக்கிறது. அவர் மனைவி அன்றையிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வேப்பம்பழம் பொறுக்க மட்டும் வருவாள், நானும் சேர்ந்து பொறுக்குவேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம்.