ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக எந்த நூல்களை, எந்த வரிசையில் படிப்பது?

பொருநைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவன் நான். இப்போது இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். முதன்மைத் தேர்வில் ஆங்கிலத் தகுதித் தாளைத் தாண்டியே ஆகவேண்டும். அதோடு கட்டுரைத் தாளையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடவேண்டும் என்பது என் ஆசை. ஆங்கில நாளிதழின் தலையங்கம் புரிகிறது, ஆனால் ஒன்றைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் வாக்கியம் முதலில் தமிழில்தான் தோன்றுகிறது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு போகும்போது பாதி வழியில் வினைச்சொல்லைத் தொலைத்துவிடுகிறேன்.

பயிற்சி மையத்தில் சொன்னபடி ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலும் சொல்வளம் பெருக்கும் நூல் ஒன்றும் வாங்கினேன். நாளுக்குப் பத்துச் சொல் வீதம் மூன்று மாதம் மனப்பாடம் செய்து, அவற்றைப் பெருமையோடு ஒரு கட்டுரையில் பயன்படுத்தினேன். திருத்தியவர் ‘அகராதியைக் கிழித்து ஒட்டியதுபோல் இருக்கிறது’ என்று ஓரத்தில் எழுதித் தந்தார். கையில் எட்டு மாதம் இருக்கிறது. நாவல் படிப்பதா, கட்டுரை படிப்பதா, எதில் தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதிய பதில்:

தம்பி, நீங்கள் வினைச்சொல்லைத் தொலைப்பதற்குக் காரணம் சொல்வளக் குறைவு அன்று. ‘நேற்று ஊரிலிருந்து வந்து, மாமாவைப் பார்த்துப் பேசிவிட்டு, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினேன்’ என்று நாம் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு முற்றுவினையால் வாக்கியத்தைக் கட்டிப்போடுகிறோம். ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பக்கத்திலேயே வினை வந்து நின்றுவிடவேண்டும். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். ‘நேற்று வந்த பையன்’ என்று பெயருக்கு முன்னால் நாம் வைப்பதை அவர்கள் பெயருக்குப் பின்னால் வைக்கிறார்கள். ஆகவே தமிழில் நீளமாக நினைத்து அப்படியே மாற்ற முயன்றால் தடுக்கத்தான் செய்யும். அந்த ஒரு தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் மூன்றாக உடைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இதைவிடப் பயன்பட்ட அறிவுரை வேறில்லை.

குறுகிய வாக்கியம் காதில் பதியவேண்டுமானால் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலை ஆங்கில மூலத்தில் படியுங்கள். 1935இல் வெளிவந்தது, எழுதியவர் சென்னையில் பிறந்தவர். தேர்வுக்கு முன் சுவாமி தனக்குத் தாள், பேனா முள், மை என்று என்னென்ன தேவை எனப் பட்டியல் போடும் இடம் நம் வீட்டுப் பிள்ளையின் கதைதான் என்பதால், பொருளுக்காக மனம் திண்டாடாது. வாக்கியம் எப்படி நடக்கிறது என்பதில் முழுக் கவனமும் வைக்கலாம். நமக்குத் தெரிந்த வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கில நூலில் தொடங்குவதன் பயன் அதுதான்.

ஒரு நூல் நம் நிலைக்கு ஏற்றதா என்று அறிய ஒரு கணக்கு உண்டு. அகராதியின் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, பக்கத்தில் உள்ள சொற்களில் நூற்றுக்குக் குறைந்தது தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்கவேண்டும் என்று மொழி கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 300 சொல் கொண்ட பக்கத்தில் தெரியாத சொல் ஆறு வரை இருக்கலாம். பதினைந்து இருந்தால் அந்த நூலை மூடி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறவுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையங்கத்துக்கு உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆவதும் இதனால்தான்.

அகராதியும் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே இருக்கட்டும், ஆனால் கற்போருக்கென்று எழுதியதாக இருக்கவேண்டும். லாங்மன் கற்போர் அகராதி சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருளையும் விளக்குகிறது. சொல்லின் பொருளைவிட அதன் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். ரென் அண்ட் மார்ட்டினை ஐயம் வரும்போது புரட்ட வைத்துக்கொண்டால் போதும்.

இருமுறை எழுதியவன் எழுதிய பதில்:

அம்மா சொன்ன எச்சங்களின் கதை முற்றிலும் உண்மை. நானும் அப்படித்தான் தடுக்கி விழுந்தேன். நாவல் விஷயத்தில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். நாவல் வாக்கியத்தைப் பழக்கும். ஒரு வாதத்தை எப்படித் தொடங்கி, எதிர்ப்பை எங்கே சந்தித்து, எப்படி முடிப்பது என்பதைப் பழக்காது. எட்டு மாதத்தில் முதல் ஒரு மாதத்தை மட்டும் நாவலுக்குக் கொடுங்கள்.

தேர்வின் கணக்கையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தகுதித் தாள் 300 மதிப்பெண்ணுக்கு. 25 விழுக்காடு பெற்றால் போதும், அது தரவரிசையில் சேராது. கட்டுரைத் தாள் 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொல். இதைத் தமிழிலேயே எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆசைக்காக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டாம். நான்கு மாதம் கழித்து ஒரே தலைப்பில் இரு மொழியிலும் எழுதி, இரண்டையும் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கட்டுரைக்கு நான் மூவரைச் சொல்வேன். முதலாமவர் ஜார்ஜ் ஆர்வெல். பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர், பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்தவர். யானை ஒன்றைச் சுட்ட கதையைச் சொல்லும் அவருடைய 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில், சுற்றி நிற்கும் கூட்டம் சிரித்துவிடுமோ என்ற அச்சத்தால் தேவையில்லாமல் ஒரு யானையைக் கொன்ற நிகழ்ச்சியிலிருந்து, பேரரசின் அதிகாரி உண்மையில் யாருக்கு அடிமை என்ற கேள்விக்கு அவர் போய்ச் சேரும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு நிகழ்ச்சியில் தொடங்கிக் கருத்துக்கு வருவது எப்படி என்று அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி 1946இல் அவர் எழுதிய கட்டுரையின் கடைசியில் ஆறு விதிகள் உண்டு. சின்னச் சொல் போதுமான இடத்தில் பெரிய சொல் வேண்டாம் என்பது அவற்றில் ஒன்று. உங்கள் மூன்று மாத மனப்பாடத்துக்கு அதுவே மருந்து.

இரண்டாமவர் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ராண்டு ரஸல். ஓய்வைப் புகழ்ந்து அவர் எழுதிய கட்டுரையில் ஒரு குண்டூசித் தொழிற்சாலை வருகிறது. எட்டு மணி நேரம் உழைத்து உலகத்துக்குத் தேவையான குண்டூசி முழுவதையும் சிலர் செய்கிறார்கள். ஒரு கண்டுபிடிப்பால் அதே ஆட்கள் இருமடங்கு செய்ய முடிகிறது. அறிவுள்ள உலகமாக இருந்தால் எல்லோரும் நான்கு மணி நேரம் மட்டும் உழைப்பார்கள், ஆனால் நடப்பதோ பாதிப்பேர் வேலையிழக்க, மீதிப்பேர் பழையபடி எட்டு மணி நேரம் உழைப்பது. இவ்வளவு பெரிய பொருளாதார வாதத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு குண்டூசி. நம் கட்டுரைகளிலோ ‘உலகமயமாதல்’ வரும், ‘நிலைத்த வளர்ச்சி’ வரும், கையால் தொடக்கூடிய பொருள் ஒன்றுகூட வராது.

மூன்றாமவர் அம்பேத்கர். லாகூரில் ஆற்றுவதற்காக எழுதி, அழைத்தவர்கள் உரையின் கருத்துகளுக்கு அஞ்சிக் கூட்டத்தையே கைவிட்டதால் 1936இல் அவரே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையைத்தான் சொல்கிறேன். எதிராளியின் வாதத்தை மழுப்பாமல் முன்வைத்து, பிறகு அதை உடைப்பதை அவரிடம் கற்கவேண்டும். சாதி என்பது தொழிற்பகுப்புதானே என்பவர்களுக்கு, அது தொழிலாளர்களையே பகுப்பது என்று அவர் விடை சொல்லும் பகுதியை மட்டுமாவது இருமுறை படியுங்கள். மகாராட்டிர அரசு வெளியிட்ட அவருடைய ஆங்கிலத் தொகுதிகளில் முதலாவதில் இது இருக்கிறது.

பொருநைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம். இவற்றை நான் படிக்கும்போது ‘ஆகா’ என்று தோன்றும். நூலை மூடியதும் கை பழைய வழியிலேயே போகும். படித்ததைக் கைக்குக் கொண்டுவருவது எப்படி?

அச்சகத்து மெய்ப்பாளர் எழுதிய பதில்:

இதற்கு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் வரலாற்றில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அச்சகத்தில் வேலை பழகிய சிறுவனாக இருந்தபோது, ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் அக்குறிப்புகளை வைத்து முழுக் கட்டுரையையும் தன் சொற்களில் எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, வாரக்கணக்கில் கழித்து, சரியான வரிசையில் அடுக்கிப் பார்ப்பார். கருத்தை ஒழுங்குபடுத்தும் பழக்கம் அவருக்கு அப்படி வந்தது.

நாம் செய்யும்போது ஒரு சிறு மாற்றம் உதவும்: குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மூலத்தின் சொற்களே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாளுக்கு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். ஒப்பிடும்போது, நம் மொழியில் இல்லாத ‘ஏ’ (a), ‘தி’ (the) இரண்டையும் எங்கெங்கே விட்டிருக்கிறோம் என்று சிவப்பு மையில் குறியுங்கள். மெய்ப்புத் திருத்தும் என் மேசைக்கு வரும் ஆங்கிலப் படிகளில் நம்மவர் எழுதியவற்றைப் பெயர் பாராமலே நான் அடையாளம் கண்டுகொள்வது இந்த இரண்டு சொற்களால்தான்.

பொருநைக்கரை:

பத்து நாள் ஆயிற்று, ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். ரஸலின் குண்டூசிப் பத்தியைத் தமிழில் குறித்து வைத்து, நான்கு நாள் கழித்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். பதினொரு இடத்தில் ‘தி’ இல்லை. வினைச்சொல் ஒன்றுகூடத் தொலையவில்லை. நாளை யானைக் கட்டுரையின் முதல் பத்தியை எடுக்கிறேன்.