ரப்டர் 700 முன் சொக் மணல்ல அடி தட்டுது: நீட்டு ஏ-ஆம் போடவா, சொக் மாத்தவா?

பொத்துவில்_மணல்

யமஹா ரப்டர் 700 குவாட் (நாலு சில்லு மோட்டார் வண்டி), 'ஆர்' இல்லாத மொடல். முன் சொக் (அதிர்வு தாங்கி) ரெண்டும் வண்டியோட வந்ததுதான். ஸ்பிரிங் இறுக்க 5 படி இருக்கு, வேற திருகாணி ஒண்டும் இல்ல. ஓட்டுறவர் 85 கிலோ.

மேட்டில இருந்து இறங்கி அடியில விழுந்தா சொக் முழுக்க அமுங்கி 'டக்' எண்டு ஹேண்டில் வரைக்கும் அடிக்குது. அஞ்சாம் படியில வச்சும் அதே கதை. காத்து அடிச்ச வரி மணல்ல கை ரெண்டும் உதறுது. திருப்பினா முன்பக்கம் கேக்காம நேரா போகுது.

ஒரு கராஜில ஏ-ஆமை (சில்லைச் சட்டத்தோட பூட்டுற A வடிவக் கையை) வெட்டி 2 அங்குலக் குழாய் வச்சு ஒட்டித் தாறம் எண்டுறாங்க. இன்னொரு ஆளிட்ட 2 அங்குலம் நீட்டின ஏ-ஆம் செட் இருக்கு, பழைய சொக்கையே பூட்டலாமாம். எது சரி?

கல்லடி_லேத்

வெட்டி ஒட்டுற வேலைய விடுங்க. ஏ-ஆம் மெல்லிய சுவர்க் குழாய். வெல்டிங் சூடு பட்ட ஓரம்தான் முதல்ல வெடிக்கும். மணலுக்குள்ள அது வெளிய தெரியாது, வேகத்தில சில்லு மடிஞ்ச பிறகுதான் தெரியும். போல் ஜொயின்ட் (சில்லுப் பக்க உருண்டை மூட்டு) உட்கார்ற கோணம் ஒரு பாகை பிசகினாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிக்காது.

மற்ற செட்டும் உங்கட குறைக்கு மருந்தில்ல. கணக்கைப் பாருங்க. ஏ-ஆமின்ட பொல்ட்டில இருந்து போல் ஜொயின்ட்டுக்கு 400 மில்லிமீற்றர் எண்டு வைங்க. சொக் பூட்டுற இடம் மாறாம ஆமை மட்டும் 450 ஆக்கினா, சில்லில தெரியுற ஸ்பிரிங் பலம் 400/450 இன் வர்க்கம், அதாவது 0.79. ஐந்தில் ஒரு பங்கு பலம் போச்சு. பழைய பலம் வர 27 வீதம் கடினமான ஸ்பிரிங் வேணும். இப்பவே அடி தட்டுற வண்டிக்கு நீட்டுக் கையும் பழைய சொக்கும் போட்டா இன்னும் மோசமாத்தான் தட்டும். அகலம் கூடினா சரிவில குறுக்க ஓடக்குள்ள கவிழாம நிக்கும், அது உண்மை. ஆனா நீங்க கேட்டது அதில்லையே.

அக்கரைப்பற்று_குவாட்

தம்பி, காசு செலவழிக்க முதல் வண்டி எவ்வளவு அமருது எண்டு அளந்து சொல்லுங்க. முன்பக்கத்தைத் தூக்கி ரெண்டு சில்லும் தொங்க விட்டு, சட்டத்தில ஒரு பொல்ட்டில இருந்து அச்சின்ட நடுவுக்கு நேர் கீழா அளங்க. நிலத்துக்கு அளந்தா டயர்க் காத்தும் கணக்கில சேர்ந்திடும். பிறகு இறக்கி, ஹெல்மெட், பூட்ஸோட ஏறி உட்கார்ந்து, நாலு தரம் அமுக்கி விடுங்க.

இதிலதான் கனபேர் பிழை விடுறது: சீமெந்துத் தரையில டயர் வெளிப்பக்கம் வழுக்காது, வண்டி உயரத்திலேயே மாட்டி நிக்கும். ரெண்டு மீற்றர் முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டிப்போட்டு அளங்க. ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமரல். ரப்டர் 700க்கு முன் சில்லு ஓட்டம் (மேல கீழ போற தூரம்) 231 மில்லிமீற்றர். அதில 30 வீதம், கிட்டத்தட்ட 70 வரணும். 60க்கும் 75க்கும் இடையில நிண்டா போதும். இடது, வலது வேற வேறயா எழுதுங்க.

பொத்துவில்_மணல்

அளந்தன் நானா. அஞ்சாம் படியில இடது 96, வலது 84.

அக்கரைப்பற்று_குவாட்

நாப்பது வீத ஓட்டம் சும்மா நிக்கக்குள்ளேயே முடிஞ்சுது. மிச்ச இடத்துக்குள்ளதான் விழுற அடி முழுக்க வாங்குது, தட்டாம என்ன செய்யும்? படி ஏத்தினா வண்டி உயரும், ஸ்பிரிங் கடினமாகாது. கடைசிப் படியிலயும் 80க்கு மேல எண்டா ஸ்பிரிங் காணாது, இல்லாட்டி களைச்சுப் போச்சு.

இடது வலது 12 மில்லிமீற்றர் வித்தியாசத்தை விடாதீங்க. முதல்ல ரெண்டும் உண்மையில ஒரே படியா எண்டு பாருங்க. பிறகு சொக் ரெண்டையும் பக்கம் மாத்திப் பூட்டி அளங்க. குறை வலதுக்குப் போனா சொக்கில. இடதிலேயே நிண்டா ஏ-ஆம் புஷ் (பொல்ட் சுழல்ற உறை), இல்லாட்டி வளைஞ்ச சட்டம். சொக்கைக் கழட்டி ஏ-ஆமைக் கையால மேல கீழ அசைங்க. தடையில்லாம விழணும், பக்கவாட்டில ஆடக் கூடாது.

பொத்துவில்_மணல்

மாத்தினன், குறையும் வலதுக்குப் போயிட்டு. புஷ் நல்லா இருக்கு.

கல்லடி_லேத்

அப்ப சொக்தான். இந்த மூடிய சொக்கைத் துளைச்சு ஒயில் மாத்த யாரும் சொன்னா கேக்காதீங்க, உள்ளுக்கு அழுத்தத்தில வாயு. ஸ்பிரிங்கைக் கழட்டுறதுக்கும் சரியான அமுக்கி வேணும். கயிறு கட்டி எடுக்கிற வேலை முகத்தில முடியும்.

தனி ஒயில் குடுவை வச்ச, அமுக்கத்துக்கும் (சொக் அமுங்குறதைத் தடுக்கிற அளவு) மீளலுக்கும் (திரும்ப நீளுறதைத் தடுக்கிற அளவு) திருகாணி உள்ள சொக் சோடி பாருங்க. 700 ஆரில அப்படித்தான் வருது. பழசு வாங்கினா பொல்ட் பூட்டுற கண் நடுவில இருந்து கண் நடுவுக்கு நீளம், பொல்ட் விட்டம், புஷ் அகலம் மூண்டையும் உங்கடதோட ஒப்பிடுங்க. தண்டில நகம் மாட்டுற கீறலோ துருப் புள்ளியோ இருந்தா வேணாம், சீல் நிக்காது. ஸ்பிரிங் ஓட்டுறவரின்ட பாரத்துக்கு எடுக்கணும், உடுப்போட நிறுத்துச் சொல்லுங்க.

அக்கரைப்பற்று_குவாட்

பூட்டின பிறகு முதல்ல அமரல், பிறகுதான் திருகாணி. ஒவ்வொண்டையும் மெதுவா இறுக்கி முட்டுற வரைக்கும் எத்தனை 'கிளிக்' எண்டு எண்ணிக் கொப்பியில எழுதுங்க. பிறகு நடுவில வச்சுத் தொடங்குங்க. ஒரு நேரத்தில ஒரு திருகாணி, ரெண்டு கிளிக். ரெண்டைச் சேர்த்துத் திருப்பினா எது வேலை செஞ்சது எண்டே தெரியாது.

விழுந்து தட்டினா வேக அமுக்கத்தை (திடீர் அடிக்கான திருகாணி) இறுக்கணும். பிரேக் பிடிக்க, மேட்டு அடியில முட்ட மூக்குக் குத்தினா மெது அமுக்கம் (சொக் மெதுவா அமுங்கக்குள்ள வேலை செய்யுற திருகாணி). விழுந்த பிறகு பந்து மாதிரி எழும்பினா மீளல் காணாது. வரி மணல்ல போகப் போக முன்பக்கம் தாழ்ந்து கை உதறினா மீளல் கூடிப் போச்சு, அடுத்த வரிக்கு முதல் சொக் நீள நேரமில்ல. உங்கட இப்பத்தைய உதறல் அதில்ல, அமர்ந்த வண்டிக்கு மிச்ச ஓட்டம் இல்லாததுதான்.

தண்டில ஒரு பிளாஸ்டிக் கட்டுப் பட்டியைச் சுத்தி மிச்சத்தை வெட்டி விடுங்க, எவ்வளவு தள்ளுப்பட்டது எண்டு அதுவே காட்டும். பெரிய விழுகையில ஒண்டு ரெண்டு தரம் முட்டு ரப்பரைத் தொட்டா சரி. எப்பவும் 40 மில்லிமீற்றர் மிச்சமெண்டா இறுக்கம் கூட.

வாழைச்சேனை_வள்ளம்

திரும்பாதது சொக் இல்ல, டயர். காய்ஞ்ச மணல்ல குமிழ் டயர் கடிக்காது, மிதக்கும். முன்னுக்கு நடுவில வரம்பு வச்ச மணல் டயர் போடுங்க, 21x7-10 அளவில. கச்சான் காத்துக் காலத்தில மணல் மாவு மாதிரி, அப்ப வித்தியாசம் நல்லாத் தெரியும். காத்து 4 பிஎஸ்ஐ அளவில பிடிக்கணும். டயர்க் கடை மீற்றரில அது முள்ளே அசையாது, குறைஞ்ச அழுத்த மீற்றர் ஒண்டு வாங்குங்க.

உயரம் மாறினா சில்லின்ட நேரும் மாறும். ஆள் உட்கார்ந்த நிலையில, அச்சு உயரத்தில, டயர் நடுக்கோட்டில அளந்து, முன்பக்கம் பின்பக்கத்தை விட 3 முதல் 6 மில்லிமீற்றர் ஒடுங்கி இருக்க டை ரொட்டை (சில்லைத் திருப்புற தண்டை) சரி செய்ங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பணும், இல்லாட்டி ஹேண்டில் கோணும்.

கிறீஸ் விஷயத்தில சாதாரணது வேணாம். என்ஜின் வள்ளச் சாமான் கடைகள்ல கடல் கிறீஸ் இருக்கு, உப்புத் தண்ணி கழுவாது. ஓடி வந்த அண்டைக்கே நல்ல தண்ணியால கழுவுங்க. அழுத்தக் குழாயைச் சீலுக்கு நேர பிடிக்கக் கூடாது, மணலை உள்ளுக்குத் தள்ளிடும்.

இன்னொண்டு: அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேட்டில ஏத்தாதீங்க. அந்த வேர்தான் மணலைப் பிடிச்சிருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மேட்டின்ட பெறுமதியை இந்தக் கரையில ஆருக்கும் சொல்லித் தரத் தேவையில்ல. கடலாமை முட்டையிடுற கரையில இரவு ஓட்டமும் வேணாம்.

பொத்துவில்_மணல்

விளங்கிச்சு. ஏ-ஆம் வெட்டுற யோசனைய விட்டாச்சு, சொக் சோடி தேடுறன். பிறகு ஒரு நாள் 2 அங்குல நீட்டு ஆமும் போடுறதெண்டா?

கல்லடி_லேத்

அப்ப அந்த ஆமுக்கெண்டு வாற சொக்கும் ஸ்பிரிங்கும் சேர்த்து வாங்கணும், அதால முதல்ல முடிவெடுங்க. இல்லாட்டி சொக்குக்கு ரெண்டு தரம் காசு. நீட்டு டை ரொட்டும் நீட்டுப் பிரேக் ஹோஸும் கூடவே வேணும். டை ரொட் முனை 12 மில்லிமீற்றர் எண்டா குறைஞ்சது 18 மில்லிமீற்றர் மரை உள்ளுக்கு ஏறி நிக்கணும். பூட்டினதும் சில்லைத் தொங்க விட்டு, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முட்டத் திருப்பி ஹோஸ் இழுபடுதா பாருங்க. ஹோஸ் கழட்டினா டொட் 4 பிரேக் ஒயில் ஊத்தி, குமிழ் வாறது நிக்கிற வரைக்கும் காத்து எடுக்கணும்.