புதுப்பிப்பு: வீட்டுச் சோலரும் பற்றரியும் பூட்டியாச்சு

பரந்தனில் எங்கள் வீட்டுக்குச் சோலர் போட ஈய அமிலப் பற்றரியா, லித்தியமா என்று சித்திரையில் இங்கே கேட்டிருந்தேன். பூட்டி இப்போது மூன்று மாதம். லித்தியம்தான் எடுத்தேன்: 51.2 வோல்ற், 100 அம்பியர் மணி, ஏறக்குறைய 5 யூனிற் கொள்ளும். ஈய அமிலப் பற்றரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்று நீங்கள் சொன்னதுதான் முடிவெடுக்க வைத்தது. நன்றி.

முதல் கிழமையே ஒரு சிக்கல். கரண்ட் போன நேரம் அம்மா கிணற்று மோட்டரைப் போட, பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் ஒருமுறை கத்திவிட்டு நின்றுவிட்டது. வீடே இருட்டு. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது எடுப்பது ஒரு கிலோவாற்றுக்குக் கிட்டத்தான். ஆனால் தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். பூட்ட வந்தவர் மோட்டரைப் பற்றிக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது மோட்டரைப் பிரித்து நேரே மின்சார சபைக் கரண்டில் விட்டிருக்கிறோம். காலையிலேயே தாங்கியை நிரப்பிவிடுவோம்.

அப்புறம், கிரவல் ரோட்டுத் தூசி. பனல் சூடாக முன், விடியவே வெறும் தண்ணீரும் பழைய சாரத்துண்டும் போதும். முதல் தரம் கழுவியபோது தேத்தண்ணி நிறத்தில் வடிந்தது.

பற்றரி இல்லாமல் பனல் மட்டும் போட்டால் கரண்ட் போனாலும் ஓடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓடாது. பனல் கரண்ட் லைனுக்குள் போய் அங்கே வேலை செய்பவர்களுக்கு அடிக்கக்கூடாது என்பதற்காகச் சாதாரண இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும்.

மாரி இனித்தான். ஐப்பசி, கார்த்திகை மப்பு நாட்களில் பற்றரி எவ்வளவு நிரம்புகிறது என்று குறித்து வைத்துத் தையில் எழுதுகிறேன்.