சாருவாகரும் ஹியூமும் சொல்வது ஒன்றுதானா?

வடசேரி வாசகன்:
சாருவாகர் எனப்படும் லோகாயதர் 'காட்சி மட்டுமே பிரமாணம் (அறிவுக்கு வழி), அனுமானம் (கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது) செல்லாது' என்கிறார்கள். நாளை சூரியன் உதிக்கும் என்பதை நிரூபிக்க முடியாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமும் 1748இல் வந்த 'An Enquiry Concerning Human Understanding' நூலில் எழுதினார். அப்படியானால் இருவரும் ஒரே கட்சியா? குமரிமுனையில் நாளைக்கும் சூரியன் எழும் என்று நாம் சொல்வது அறிவா, பழக்கமா?

தோவாளைத் தமிழ்:
தொடக்கம் ஒன்றுதான் தம்பி, முடிவு வேறு. 'புகை உள்ள இடமெல்லாம் தீ உண்டு' என்பதில் அந்த 'எல்லாம்' யார் கண்ணிலும் பட்டதில்லை. அதை அனுமானத்தால் நிறுவப் போனால், அந்த அனுமானத்துக்கு இன்னொரு 'எல்லாம்' தேவைப்படும். இதுவரை இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள்.

பிறகு லோகாயதர் அனுமானத்தைப் பிரமாணப் பட்டியலிலிருந்தே நீக்குகிறார். ஹியூம் நீக்கவில்லை. பழக்கம்தான் நம்மை எதிர்பார்க்க வைக்கிறது, அதை விட்டு வாழவும் முடியாது, சான்றின் அளவுக்கு நம்பு என்கிறார்.

மெய்ப்பொருள் விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. மணிமேகலை 27ஆம் காதையில் லோகாயதருக்கு நெருங்கிய பூதவாதி (நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவன்), ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் சேர்ந்து கள்ளில் வெறி பிறப்பதுபோலப் பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது என்று அடித்துச் சொல்கிறான். புலப்பதிவுகளுக்கு அப்பால் இருப்பதைப் பற்றி ஹியூம் அப்படி உறுதி தருவதே இல்லை. பூதவாதிக்கு மணிமேகலை கொடுக்கும் அடியும் அங்கேயே இருக்கிறது: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்?

மருங்கூர் அளவை:
அனுமானத்தை ஏற்கும் நியாய வைசேடிகர் பள்ளியின் பதிலையும் சேர்க்க வேண்டும். வியாப்தியை, அதாவது 'புகை உள்ள இடமெல்லாம் தீ' என்ற மாறாத தொடர்பை, சோதிக்க அவர்களிடம் வழி உண்டு. இரண்டும் சேர்ந்திருப்பதைப் பலமுறை பார், ஒன்று இல்லாத இடத்தில் மற்றதும் இல்லையா பார், கடைசியாக உபாதியை, அதாவது மறைந்து நிற்கும் கூடுதல் நிபந்தனையை, தேடு. பலரும் தவறுவது உபாதியில்தான். 'புகை இருந்தால் தீ' சரி, 'தீ இருந்தால் புகை' தவறு. நன்றாகக் கனன்ற சிரட்டைக் கரியில் தீ உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும். அந்த ஈரம்தான் உபாதி.

இன்னொரு பிழை, ஏதுவே (அனுமானத்துக்குக் காட்டும் காரணமே) ஐயமாக இருப்பது. மருத்துவாழ்மலையில் விடியற்காலை வெள்ளையாக எழுவது பனியா புகையா என்று தெளியாமலே 'அங்கே தீ' என்றால் அது சித்தாசித்தம். மணிமேகலை 29ஆம் காதை இதற்கு ஆவி, பனி உதாரணத்தையே தருகிறது. நியாயத்தார் அனுமானத்தைச் சொல்லும் ஐந்து உறுப்பில் உபநயமும் (பொருத்திக் காட்டல்) நிகமனமும் (முடிவுரைத்தல்) திட்டாந்தத்தில் (எடுத்துக்காட்டு) அடங்கும் என்று மூன்றாகக் குறைப்பதும் அதே காதைதான்.

வடசேரி வாசகன்:
நன்றி அண்ணா. ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் இதில் எங்கே வருகிறார்?

தோவாளைத் தமிழ்:
ஹியூம் விட்ட இடத்தில். காரண காரியம் உலகிலிருந்து பொறுக்கி எடுத்ததல்ல, அனுபவத்தை அனுபவமாக்க மனம் கொண்டுவரும் வடிவம் என்று 1781இல் எழுதினார். விலையும் கொடுத்தார்: பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது நம் அறிவுக்கு எட்டாது. முதலில் 27ஆம் காதையைப் படியுங்கள், பிறகு ஹியூமின் அந்த நூலில் 4, 5ஆம் பகுதிகள். காண்ட் அதற்குப் பிறகு போதும்.