டேஷ்கேமில் 5.14, கோப்பில் 1.14, கடைக் கேமராவில் 7.51: காப்புறுதி விசாரணையில் எந்த நேரத்தை நிலைநாட்டுவது?

செங்காங் வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். உணவு விநியோகத் தொழில் செய்யும் என் மைத்துனரின் வேன், சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை சிங்கப்பூரின் அப்பர் சிராங்கூன் சாலையில், தடம் மாறி வந்த ஒரு காருடன் உரசியது. யாருக்கும் காயமில்லை. மறுநாள் காலையிலேயே, 24 மணி நேரக் கெடுவுக்குள், காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்த மையத்தில் வேனைக் காட்டி அறிக்கை கொடுத்துவிட்டோம். அதில் விபத்து நேரம் 'மாலை 7.45 அளவில்' என்று பதிவாகியுள்ளது.

சிக்கல் காணொளியில் இருக்கிறது. வேனில் உள்ள டேஷ்கேம் (பயணத்தைப் பதிவுசெய்யும் கேமரா) சென்னையில் வாங்கியது. ஜிபிஎஸ் வசதி உண்டு. மோதும் கணத்தில் திரையின் மூலையில் மாலை 5:14:20 என்று ஓடுகிறது. அதே கோப்பின் விவரங்களைக் கணினியில் பார்த்தால் மறுநாள் அதிகாலை 1.14 என்று காட்டுகிறது. எதிரே உள்ள கடையின் கண்காணிப்புக் கேமராவிலோ அதே மோதல் 7:51:00க்கு நிகழ்கிறது. இதைக் காட்டி, காணொளி திருத்தப்பட்டிருக்கலாம் என்றும், வேனின் பக்கவாட்டுச் சேதம் வேறு இடத்தில், வேறு நேரத்தில் ஏற்பட்டிருக்கலாம் என்றும் மறுதரப்புக் காப்புறுதி நிறுவனம் எழுதியிருக்கிறது. கேமராவின் நேரத்தைச் சரிசெய்துவிட்டு மெமரி கார்டை ஒப்படைத்துவிடலாம் என்கிறார் மைத்துனர். அப்படிச் செய்யலாமா?

கோரிக்கை ஆய்வாளர்:

முதலில் அவரைத் தடுத்து நிறுத்துங்கள். தவறாக ஓடும் கடிகாரத்தால் உங்கள் வழக்கு கெடாது. அது எவ்வளவு தவறாக ஓடியது என்று காட்ட வழியில்லாமல் போனால்தான் கெடும். நேரத்தை இப்போது திருத்தினால் அந்தத் தவறின் அளவும் அதனுடனேயே அழிந்துவிடும். கேமராவை உள்ளபடியே இயக்கி, அதன் திரையும் இணையத்தோடு ஒத்திசைந்த ஒரு கைப்பேசியின் கடிகாரமும் ஒரே காட்சியில், நொடி தெரியும்படி, ஒரு நிமிடம் படமெடுத்து வையுங்கள். அமைப்புப் பட்டியலில் நேர மண்டலம் என்னவாக இருக்கிறது என்பதையும் படமெடுங்கள். விபத்துக் கார்டை அதற்கு முன்பே வெளியே எடுத்து, வேறு கார்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சுழற்சிப் பதிவு பழைய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும்.

நீங்கள் தந்த எண்களிலேயே விடை பாதி தெரிகிறது. வித்தியாசம் முழு மணியாகவோ அரை மணியாகவோ இருந்தால் அது பெரும்பாலும் அமைப்பில் உள்ள தவறு. ஆறு நிமிடம், ஏழு நிமிடம் என்று ஒழுங்கற்று இருந்தால் அது கடிகாரம் தானே விலகி ஓடியதால் வந்தது. சென்னையில் வாங்கிய கேமராவில் இந்திய நேரமே இருந்திருக்கும். இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே 5:14:20 என்பது இங்கே 7:44:20. ஜிபிஎஸ் கேமராக்கள் நிமிடத்தையும் நொடியையும் செயற்கைக்கோளிலிருந்து பெறுகின்றன, நேர மண்டலத்தை மட்டும் நாம் அமைக்கிறோம் என்பதால், இந்த விளக்கம் இயல்பாகவே பொருந்துகிறது. ஆனாலும் அந்தப் பயணத்தில் கேமராவுக்கு ஜிபிஎஸ் தொடர்பு உண்மையில் கிடைத்திருந்ததா என்று பாருங்கள். அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் இயங்கத் தொடங்கும் கேமரா, வெளியே வரும்வரை பழைய கடிகாரத்தையே நம்பியிருக்கும். மலிவான பழைய ஜிபிஎஸ் சாதனங்கள் சில, 2019 ஏப்ரல் 6 அன்று ஜிபிஎஸ் தேதியைக் கணக்கிட உதவும் வார எண்ணிக்கை 1,024ஐத் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பியபின், தேதியை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்னுக்குக் காட்டின. உங்கள் கேமரா தேதியைச் சரியாகக் காட்டுவதால் அந்தக் கவலை இல்லை.

அதிகாலை 1.14க்கும் விளக்கம் உண்டு. எம்பி4 காணொளிக் கோப்பின் உள்ளே உருவாக்க நேரம் 1904 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளாக, உலகப் பொது நேரத்தில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. பல கேமராக்கள் அதைப் பொருட்படுத்தாமல் தம் திரை நேரத்தையே அங்கும் எழுதிவிடுகின்றன. கணினி அதைப் பொது நேரம் என்று நம்பி, சிங்கப்பூருக்காக எட்டு மணி நேரத்தைக் கூட்டுகிறது. மாலை 5.14உடன் எட்டு மணி நேரம் சேர்ந்தால் மறுநாள் அதிகாலை 1.14. கோப்பை யாரும் தொட்டதற்கான அடையாளம் இதில் எதுவும் இல்லை.

கார்டைக் கணினியில் செருகித் திறந்து பார்ப்பதையும் இனி நிறுத்துங்கள். கணினியே அதில் மறைவான கோப்புகளை எழுதக்கூடும். எழுதுவதைத் தடுக்கும் கருவி வழியாக ஒரு நிபுணரிடம் முழுப் பிரதி எடுத்து, அதன் ஷா-256 மதிப்பை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) குறித்துவைத்து, பிரதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேமரா பொருத்துநர்:

கடைக்காரரிடம் உடனே பேசுங்கள். கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியில் ஓடும் நேரத்தை அவரும் நல்லெண்ணத்தில் திருத்திவிடக்கூடாது. அந்தப் பெட்டி இணையத்தோடு இணைக்கப்படாததாக இருந்தால் அதன் கடிகாரம் நாளுக்கு நாள் விலகும் என்பதால், ஒருமுறை அளந்தால் போதாது. இன்று அளந்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் அளந்தால் விலகும் வேகம் தெரியும். அதைக்கொண்டு விபத்து நாளுக்குப் பின்னோக்கிக் கணக்கிடலாம். காணொளியைத் திரையிலிருந்து கைப்பேசியில் எடுத்து வராமல், பெட்டியிலிருந்தே அதன் மூல வடிவத்தில் ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள்.

சட்டம் பயின்றவள்:

மேலே சொன்னவற்றுக்குச் சட்ட அடிப்படையும் இருக்கிறது. சாட்சியச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 116ஏ பிரிவின்படி, முறையாகப் பயன்படுத்தினால் ஒரு பதிவைச் சரியாக உருவாக்கும் இயல்புள்ள சாதனம், அந்தத் தருணத்திலும் சரியாகவே உருவாக்கியது என்று நீதிமன்றம் அனுமானிக்கும்; ஐயத்தை எழுப்பப் போதிய சான்று வந்தால் அந்த அனுமானம் நிற்காது. விளக்கம் இல்லாத மூன்று நேரங்கள்தாம் அப்படிப்பட்ட ஐயத்தை எழுப்பும். விளக்கத்தை நீங்களே முன்வைத்துவிட்டால் மறுதரப்பின் கேள்வி பெரிதும் வலுவிழக்கும்.

கடையின் பதிவைப் பின்தள்ளாதீர்கள். வழக்கில் தரப்பினராக இல்லாத ஒருவர், தம் வழக்கமான தொழில் நடைமுறையில், உங்கள் கட்டுப்பாடு இல்லாமல் உருவாக்கிய மின்னணுப் பதிவை உண்மையானது என்று கருதுவதற்கும் அதே பிரிவில் இடமுண்டு. உண்மையான பதிவு என்பதற்கும் சரியான நேரம் என்பதற்கும் வேறுபாடு உண்டு. நேரத்தை மேலே சொன்ன அளவீடு காட்ட வேண்டும்.

செங்காங் வாசி:

அனைவருக்கும் நன்றி. கேமராவின் அமைப்பில் இந்திய நேரமே இருந்தது. கைப்பேசியோடு வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் நொடி பிசகாமல் இரண்டரை மணி நேரம். கடைப் பெட்டியை முதல்முறை அளந்தபோது 6 நிமிடம் 50 நொடி முன்னால் ஓடியது, ஒரு வாரம் கழித்து 6 நிமிடம் 53 நொடி. முதல் அளவீட்டுக்கு நான்கு வாரம் முன்பு விபத்து நடந்ததால் அன்றைய வித்தியாசம் 6 நிமிடம் 38 நொடி என்று கொண்டால், 7:51:00 என்பது 7:44:22 ஆகிறது. டேஷ்கேமின் கணக்கிலிருந்து இரண்டே நொடி வேறுபாடு.

இதோடு இன்னொன்றும் கிடைத்தது. நிபுணர் எடுத்த பிரதியில் அன்று மாலையின் முந்தைய கோப்புகளும் இருந்தன. அவற்றில் வேனின் வானொலியில் 'ஒலி 96.8' தமிழ் நிலையம் ஓடுகிறது, கேமராவின் நேரம் 4.30ஐத் தொடும்போது ஏழு மணிச் செய்தி தொடங்குகிறது. பின்னர் மத்திய விரைவுச்சாலையில் மின்னியல் சாலைக் கட்டணம் கழியும் ஒலியும் தெளிவாகக் கேட்கிறது.

கோரிக்கை ஆய்வாளர்:

அந்தக் கட்டணப் பரிவர்த்தனைப் பட்டியலை உடனே பெற்று இணையுங்கள். அந்த நேரத்தைப் பதிவுசெய்தது உங்களுக்கோ மறுதரப்புக்கோ தொடர்பில்லாத ஓர் அமைப்பு. வானொலி பண்பலையில் ஓடியதா, கைப்பேசிச் செயலி வழியாக ஓடியதா என்பதையும் மைத்துனரின் வாக்குமூலத்தில் எழுதுங்கள், ஏனெனில் இணைய ஒலிபரப்பு பல நொடி தாமதமாக வரும்.

சேதப் படங்களை வாட்ஸ்அப் வழியாக அனுப்பியிருந்தால் அவற்றின் எக்ஸிஃப் தகவல் (படம் எடுத்த நேரம் முதலிய உள்விவரங்கள்) பெரும்பாலும் நீங்கியிருக்கும். கைப்பேசியில் உள்ள மூலப் படங்களையே கொடுங்கள், கைப்பேசியை மாற்றும் எண்ணம் இருந்தால் வழக்கு முடியும்வரை தள்ளிவையுங்கள். மறுநாள் காலை அறிக்கை மையத்தில் எடுத்த படங்களின் பிரதியையும் கேட்டு வாங்கி, விபத்துக்கு முன் அன்று பகலில் வேனின் அந்தப் பக்கம் தெரியும்படி ஏதாவது கார் நிறுத்துமிடத்துக் கேமராவில் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சேதம் பழையது என்ற வாதத்துக்கு அந்தப் படங்கள்தாம் நேரடிப் பதில்.