புதுப்பிப்பு: ஆமையை ஏரியில் விடவில்லை

ஆறு வருடமாகத் தொட்டியில் வளர்த்த ஆமையை ஏரியில் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, விடவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்ததுமே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருப்பதால் இது ரெட் இயர்டு ஸ்லைடர், வட அமெரிக்க இனம், உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலிலேயே இருக்கிறது என்றார். வெயில் காயும் இடம், இரை எல்லாவற்றுக்கும் ஏரியில் ஏற்கெனவே உள்ள ஆமைகளோடு போட்டியிடுமாம், தொட்டியில் தொற்றிய நோயையும் கொண்டுபோய்ப் பரப்பலாமாம். சுதந்திரம் கொடுக்கிறேன் என்று நினைத்தேன், நல்லவேளை!

இன்னும் இருபது வருடமாவது வாழுமாம். அப்புறம் என்ன, பெரிய தொட்டி, வெயில் காய ஒரு பலகை, புற ஊதா விளக்கு எல்லாம் வாங்கியாயிற்று. பலகை மேல் ஏற மட்டும் இன்னும் மறுக்கிறது.