கிளட்ச் டிராக்: "இழுப்பு" சரிப்படுமா?

> கிளட்ச் கோளாறுகளுக்குத் தமிழ்ச் சொல்: ஸ்லிப் = வழுக்கல், டிராக் = இழுப்பு. பழைய புல்லட் 350 தமிழ்க் கையேட்டுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாமா?

வழுக்கலில் எனக்குத் தகராறு இல்லை, ஐயா. இழுப்பு ஆபத்து. வடசென்னையில், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பட்டறைகளில் "வண்டி இழுக்கல" என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "சூப்பரா இழுக்குது" என்பது பாராட்டு. "இழுப்புக் கோளாறு இருந்தால் கேபிளை இறுக்கு" என்று நாம் எழுதினால், வண்டி இழுக்காதவன் அதைப் படித்துவிட்டு இறுக்குவான். இருக்கிற பிடியும் போய்க் கிளட்ச் தகடு கருகும்.

இரண்டும் நேரெதிர்க் கோளாறுகள்: வழுக்கலில் தகடுகள் ஒன்றையொன்று பிடிப்பதில்லை, டிராக்கில் விடுவதில்லை. டாப் கியரில் முறுக்கினால் இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை: வழுக்கல். புல்லட்டில் உதை கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. அதனால் கிக்கர் வெறுமனே இறங்கினாலும் அதே சந்தேகம்தான். லீவரை முழுக்கப் பிடித்தும் முதல் கியரில் வண்டி ஊர்கிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது: அது டிராக். அதற்கு "விடாப்பிடி" என் முன்மொழிவு.

> விடாப்பிடி ஆளின் குணமாச்சே?

இருக்கட்டுமே, தோழர். தகடுகளும் அதைத்தானே செய்கின்றன? காரணங்களை அடுக்கினால் சொல் தானாகப் பொருந்தும். கேபிள் தொளதொளப்பு, நெளிந்த எஃகுத் தகடு, தகட்டின் விளிம்புக் காதுகள் இடித்து, தகடுகளைத் தாங்கும் டிரம்மில் விழுந்த பள்ளம், ஸ்பிரிங் திருகுகள் ஒரே சீராக இறங்காததால் கோணலாக எழும் அழுத்தத் தகடு. கடைசியைக் கண்டுபிடிப்பது சுலபம்: பக்க மூடியைக் கழற்றி, லீவரைப் பிடித்தபடி மெல்ல உதைத்துப் பாருங்கள், தகடு தள்ளாடும். மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் எதையும் கழற்றுமுன் லீவரைப் பிடித்து நாலு உதை. ஒட்டிய தகடுகள் பிரிந்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி வந்ததா? மூடிக்குள் ஆயில் பால் நிறமாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வழுக்கலுக்கு ஆயிலும் காரணமாகலாம். உராய்வு குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயில் வேண்டாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) என்று இருக்கட்டும். ஜாசோ எம்பி (MB) ஸ்கூட்டருக்கானது. புது உராய்வுத் தகடுகளை ஓர் இரவு ஆயிலில் ஊறவைத்து மாட்டுங்கள்.

> ஃப்ரீ ப்ளே = ஆட்டம்?

கூடாது. "பேரிங் ஆட்டம்" என்றால் தேய்மானம். இது லீவர் அடியில் 2–3 மி.மீ. இருந்தே ஆகவேண்டிய அசைவு, இல்லாவிட்டால் வழுக்கும். "வெற்றசைவு" எழுதலாம்.

இன்னொன்று. எஃகுத் தகட்டைக் கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து நெளிவு பார்க்கச் சொல்கிறோம். பழைய புல்லட்டில் ஒரு தகடு குழிவாகவே செய்யப்பட்டது. அதையும் நெளிசல் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சொற்பட்டியலில் அதற்கு "குழித்தகடு" என்று தனிப் பெயரே கொடுத்துவிடலாம்.